சுவரோடு வைத்த கண்ணாடித் தொட்டி

உப்புநீர்த் தொட்டி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருடங்கள் யோசித்துவிட்டேன். எழுதத் தொடங்கிக் கிழித்துப் போட்டதும் உண்டு. எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவன் நான். பேனை என் கைக்குப் பழகிய சாமான் அல்ல. அது ஒரு காரணம். மற்றக் காரணம், இதில் வருகிற ஒரு விஷயத்துக்கு இன்றைக்கும் என்னிடம் விளக்கம் இல்லை. விளக்கம் இல்லாததைச் சொல்லி இளம் ஆட்களை ஏன் குழப்புவான் என்று இருந்தேன். போன தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது பங்குச் சுவாமியிடம் சொன்னேன். "உண்மையை எழுத ஏன் பயப்பிடுறியள்?" என்று கேட்டார். ஆண்டவரை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

தாழ்வுபாட்டுக் கரையில் எங்கள் முதலாளிக்கு ஒரு தொட்டிப் பட்டறை இருந்தது. கடலடியில் பவளம் படிந்த முருகைக்கல் பாருகளில் பிடிக்கிற வண்ணாத்தி மீன், கோமாளி மீன் போன்ற அழகு மீன்களை அங்கே வைத்துத் தேற்றி, கொழும்புக்கு அனுப்புவோம். சுழியோடிப் பிடிக்கிறவன் என் தங்கச்சி பிலோமினாவின் புருஷன் சவேரி. வள்ளத்தில் இருந்து அவனைக் கவனிப்பதும், கரைக்கு வந்த மீனைப் பராமரிப்பதும் என் வேலை. கீழே இருக்கிறவனை மேலே வரச் சொல்ல வேண்டுமென்றால் வள்ளத்துப் பலகையில் கல்லால் தட்டுவேன். இரண்டு தட்டு, சற்று விட்டு, இன்னும் இரண்டு. தண்ணீருக்குள் அது நன்றாகக் கேட்கும். வேறு எந்த வள்ளத்திலும் அப்படித் தட்ட மாட்டார்கள். அது எங்கள் இருவருக்கும் இடையில் இருந்த பேச்சு.

சண்டை முற்றியதும் ஆமிக்காரர் கடலுக்குப் போகப் பாஸ் கொடுப்பதை நிறுத்தினார்கள். பட்டறைத் தொட்டிகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. ஒரே ஒரு கண்ணாடித் தொட்டியை மட்டும் நான் விடாமல் பார்த்து வந்தேன். அந்த நாட்களில்தான் ஒரு சுற்றிவளைப்பில் ஊர் ஆம்பிளைகள் எல்லாரையும் கோயில் வளவுக்குள் இருத்தினார்கள். ஆட்களைக் காட்டிக்கொடுக்கிற, முகத்தைச் சாக்கால் மூடிய தலையாட்டி ஒருவனை எங்கள் வரிசைக்கு முன்னால் நடத்திக்கொண்டு போனார்கள். சவேரிக்கு முன்னால் அந்தச் சாக்குத் தலை அசைந்தது. அவ்வளவுதான். அவனை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

றோட்டுக் கரையில் இருந்த பழைய ஐஸ் பட்டறைதான் அப்போது ஆமி முகாம். முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தடித்த சுவர்கள். லொறி அந்த வளவுக்குள் திரும்பியதைக் கண்டவர்கள் இருந்தார்கள். பிலோமினா வாசலில் போய் நின்று கேட்டாள். அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்றார்கள். மறுநாளும் போனாள். அதே மறுமொழி.

பிறகு எங்கள் தொட்டிப் பட்டறையைச் சோதிக்க அந்த முகாமின் கப்டன் வந்தார். ஆட்களை வெளியே நிறுத்திவிட்டு, என் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நெடுநேரம் நின்றார். அவரோடு வந்த சுனில் என்ற ஆமிக்காரனுக்குக் கொஞ்சம் தமிழ் வரும்.

"கப்டன் மாத்தயா கேக்கிறது, காம்பில இப்பிடி ஒண்டு செய்ய ஏலுமா?"

"ஏலும்," என்று நான் யோசிக்காமல் சொன்னேன். யோசித்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். பிலோமினாவுக்குத் திறக்காத வாசல் எனக்குத் திறக்கப் போகிறது. அந்தத் தொட்டி உயிரோடு இருக்கும்வரை நான் உள்ளே போய்வரலாம். உள்ளே போய்வந்தால் சவேரி உயிரோடு இருக்கிறானா என்று அறியலாம். தொட்டி செத்தால் வாசலும் மூடும். இனி நான் சொல்லப் போகிற பிழைகளை இந்த நிலைமையில் வைத்து வாசியுங்கள். மீன் செத்தால் இன்னொரு மீன் பிடிக்கலாம் என்ற நிலைமையில் நான் இருக்கவில்லை.

முதல் பிழை அவசரம். நீங்கள் எல்லாரும் செய்வீர்கள். நானும், வேலை தெரிந்தவன் என்ற பெயரோடு, செய்தேன். கப்டன் மேசை போட்டு வேலை பார்க்கிற கந்தோர் அறையில், பின்சுவரோடு சேர்த்துத் தொட்டியை வைத்தோம். கடல்தண்ணீர் நிரப்பி, மணல் போட்டு, கல் அடுக்கி, மீன், கடல் சாமந்தி, பவளம் எல்லாவற்றையும் அன்றைக்கே இறக்கச் சொன்னார். இறக்கினேன். அடுத்த முறை போனபோது தண்ணீர் பால் கலந்ததுபோல் இருந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"கடலைக் கொண்டு வந்து ஊத்தினதுதானே, பிறகு என்ன?" என்று கப்டன் சுனில் மூலமாகக் கேட்டார்.

துவக்கு வைத்திருக்கிறவரிடம் "பொறுங்கோ" என்று சொல்வது லேசான காரியம் அல்ல. மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு சொன்னேன்: "சேர், தண்ணிக்கு உத்தரவு போட ஏலாது. மீனைத் திருப்பிக் கொண்டுபோறன். கல்லும் தண்ணியும் கொஞ்சக் காலம் தனியக் கிடக்கட்டும்."

சுனில் அதைச் சிங்களத்தில் சொன்னான். எவ்வளவைச் சொன்னானோ தெரியாது. கப்டன் சிரித்துவிட்டு, "ஹரி," சரி என்றார். தண்ணீர் தெளிந்தபிறகுதான் மீனையும் மற்றவற்றையும் திரும்பக் கொண்டுவந்து விட்டேன். புதிய தொட்டியில் மீனை விடாமல் காத்திருப்பதுதான் இந்த வேலையின் முதல் பாடம். மேலதிகாரி அவசரப்படுத்தும்போது உண்மையைச் சொல்வது இரண்டாவது.

அடுத்தது கல். கடலில் இருந்து எடுத்த முருகைக்கல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வைக்கக் கூடாது. நான் வைத்த கல்லின் பொந்துக்குள் ஒரு சொடுக்கு இறால் இருந்திருக்கிறது. பட்டறையில் நாங்கள் வைத்த பெயர் அது. சின்ன விரல் அளவு உடம்பு. ஒரு கொடுக்கு மட்டும் பெரிது. அதை அடித்து மூடினால் கண்ணாடி வெடித்ததுபோல் சத்தம் வரும். புதிதாகத் தொட்டி வைக்கிறவர்கள் அதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் தடவித் தடவி வெடிப்புத் தேடுவார்கள். முகாமில் வேறு மாதிரித் தேடினார்கள்.

நான் குனிந்து கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். 'டக்' என்றது. அறையில் இருந்த மூன்று ஆமிக்காரரும் நிலத்தில் விழுந்து படுத்தார்கள். ஒருவன் துவக்கை என் நெற்றிக்கு நேரே பிடித்தான். நான் துணியும் கையுமாக நின்றேன். வாசலில் நின்ற சுனில் விழுந்து படுக்கவில்லை. தொட்டியைப் பார்க்கவும் இல்லை. அவன் பின்சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இறால்! இறால் சேர்!" என்று கத்தினேன். கல்லை வெளியே தூக்கிப் பொந்துக்குள் இருந்த ஆளையும் காட்டினேன். படுத்தவர்கள் எழும்பினார்கள். சிரித்தார்கள். அந்தப் பகிடிக்கு வேண்டியதைவிட அதிகமாகவே சிரித்தார்கள். ஒருவன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். வெளியே எடுத்துக் கொன்றுவிடட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், வேண்டாம்," என்று, சத்தம் கேட்டு வந்த கப்டன் தமிழிலேயே சொன்னார். "அவன் இருக்கட்டும்."

அதற்குப் பிறகு அந்த அறையில் எந்தச் சத்தம் கேட்டாலும், "இறால்," என்பார்கள்.

மூன்றாவது பிழைதான் பெரியது. நம்முடைய வீடுகளில் மட்டும் நடக்கக்கூடிய பிழை. உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய பாஸ்கா இரவில் சுவாமி உப்புப் போட்டு மந்திரிக்கிற தீர்த்தத்தை நாங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து வருடம் முழுக்க வைத்திருப்போம். பிலோமினா அதை எங்கள் அம்மாவின் செப்புக் குடத்தில் வைத்திருந்தாள்.

"அண்ணை, அந்தச் சுவருக்கு அங்காலை எங்கையோ அவர் கிடக்கிறார். என்னை விடுறாங்கள் இல்லை. தீர்த்தமாவது போகட்டும். நீங்கள் ஊத்துற தண்ணியோடை இதையும் ஊத்துங்கோ."

தொட்டியில் தண்ணீர் ஆவியாகிக் குறையும். அதற்கு நல்ல தண்ணீர் விட்டு நிரப்புவது வழமை. அந்தத் தண்ணீருக்குப் பதில் தீர்த்தத்தைப் போத்தலில் கொண்டுபோனேன். முகாம் வாசல் சென்றியில் காவலுக்கு நின்றவன், நஞ்சோ என்று சந்தேகப்பட்டு, "குடி," என்றான். குடித்தேன். வாயில் செம்பின் கைப்பு நன்றாகத் தெரிந்தது. விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லி விழுங்கினேன். என் நாக்கு அன்றைக்கே சொன்னதை என் புத்தி கேட்கவில்லை.

போகும்போதெல்லாம் ஊற்றினேன். முதலில் கடல் சாமந்தி சுருங்கியது. மழை வரப்போகிறதோ என்று நினைத்தேன். பிறகு நத்தைகள் கண்ணாடியில் இருந்து கழன்று விழுந்தன. பவளம் வெளிறி எலும்புபோல் ஆனது. மீன்கள் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் நீந்தித் திரிந்தன. கல்லோடு ஒட்டிக்கிடந்தது எல்லாம் சாகிறது. அசைந்து திரிகிறது மட்டும் வாழ்கிறது. அந்த அறையில் நின்று அதைப் பார்க்க எனக்கு மேலெல்லாம் கூசியது.

வெளியே வெயில் எரிந்த ஒரு மத்தியானம், கல்லை எல்லாம் வெளியே எடுத்து வாளியில் போட்டுப் பார்ப்பது என்று துணிந்தேன். ஒவ்வொரு பொந்தாகக் குடைந்தேன். சொடுக்கு இறால் அதன் பொந்துக்குள் வெந்ததுபோல் வெளிறிக் கிடந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். அப்போதுதான் செம்பு நினைவுக்கு வந்தது. பட்டறையில் செப்புக் கம்பி விழுந்த தொட்டியில் இறாலும் நத்தையும் இப்படித்தான் செத்தன. மீன் மட்டும் தப்பியது. தீர்த்தத்தில் குறை இல்லை, அது நின்ற பாத்திரத்தில் குறை. செம்புக்கு அந்தக் குணத்தைக் கொடுத்தவரும் ஆண்டவர்தான். அதை மறந்தது நாங்கள்.

இப்படி நினைத்துக்கொண்டு நின்றபோது சத்தம் கேட்டது.

டக், டக். சற்று விட்டு, டக், டக், டக்.

என் கையில் இறால் கிடந்தது. அது அசையவில்லை. அந்தத் தொட்டியில் இருந்த இறால் அது ஒன்றுதான். தொட்டிக்குள் இப்போது தண்ணீரும் மீனும் மணலும் தவிர வேறொன்றும் இல்லை. சத்தம் பின்சுவரில் இருந்து வந்தது.

கப்டனும் அவர் பின்னால் சுனிலும் அறைக்குள் வந்தார்கள். நான் இறாலைக் கைக்குள் பொத்தினேன். மறுபடி கேட்டது. இரண்டு, விட்டு மூன்று. கப்டன் வாளியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இறால்?"

"ஓம் சேர். கல்லுக்குள்ளை இருக்கு."

"நல்லம்," என்றார். "கவனமாப் பார்."

அந்த நேரத்தில் என் புத்தி முழுக்க ஒரே இடத்தில் நின்றது. சுவருக்கு அங்கால் ஒருவன் தட்டுகிறான். இறால் என்று எல்லாரும் நம்பும்வரை அவன் தட்டலாம். இறால் செத்தது தெரிந்தால் அவன் கையை முறித்துவிடுவார்கள். ஆகவே இறால் சாகக் கூடாது. தண்ணீர் பழுதாகிவிட்டது, முழுக்க மாற்ற வேண்டும், கல்லையும் எறிய வேண்டும் என்று கப்டனிடம் சொன்னேன். செம்பு பிடித்த கல்லைக் கழுவித் திரும்பப் பாவிக்க நினைக்காதேயுங்கள். அது பிறகும் கக்கும். தண்ணீர் ஏற்றுகிற பவுசர் லொறியில் புதுக் கடல்தண்ணீர் வந்தது. கடல் வற்றுகிற நேரத்தில் கரையோரக் கற்களைப் புரட்டி இன்னொரு சொடுக்கு இறாலைப் பிடித்து, நனைந்த சாக்கில் சுற்றிக் கொண்டுபோய் விட்டேன். என் பணிக்காலத்தில் எந்த விலை உயர்ந்த மீனையும் நான் அவ்வளவு கவனமாகத் தூக்கியதில்லை.

அன்று தொட்டி மேசையின் காலில் வலைப்பிடியால் மெல்லத் தட்டினேன். இரண்டு, விட்டு இரண்டு. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு சுவர் மறுமொழி சொன்னது. இரண்டு, விட்டு மூன்று.

வீட்டுக்கு வந்ததும் பிலோமினா என் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன அண்ணை, பேயறைஞ்ச மாதிரி?"

"அவன் இருக்கிறான் பிள்ளை."

"ஆர் சொன்னது?"

"அவனேதான். ரெண்டு தட்டு, விட்டு ரெண்டு. எங்கடை வள்ளத்துத் தட்டு."

அவள் அப்படியே முழங்காலில் விழுந்தாள். அதுவரை ஒழுங்காகச் சாப்பிடாதவள் அன்றைக்குச் சோறு போட்டுச் சாப்பிட்டாள். மூன்றாவது தட்டைப் பற்றி நான் அவளுக்குச் சொல்லவில்லை. கை சோர்ந்து தவறி விழுந்த தட்டு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் கை தவறுமா என்று நான் என்னைக் கேட்கவில்லை.

பல நாள் இப்படிப் போனது. பிறகு ஒரு காலை, சவேரி படலையைத் திறந்துகொண்டு வந்தான். மெலிந்து, தாடி வளர்த்து, வேறு யாருடையதோ சேட்டு ஒன்றைப் போட்டிருந்தான். பிலோமினா அழுது ஓய்ந்து, தேத்தண்ணி போட்டுக் கொடுத்தபிறகு நான் பக்கத்தில் இருந்து சொன்னேன்:

"நீ தட்டினது எல்லாம் எனக்குக் கேட்டது மச்சான்."

"என்னத்தைத் தட்டினனான்?"

"சுவரிலை. காம்பிலை. நானும் திருப்பித் தட்டினன், கேக்கேல்லையா?"

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "எந்தக் காம்ப்? லொறி அந்த வளவுக்குள்ளை திரும்பி நிண்டது, டீசல் அடிச்சவங்கள், பிறகு நேரை தீவை விட்டுப் பெருநிலத்துக்குக் கொண்டுபோட்டாங்கள். நான் அங்கை இறங்கவே இல்லை. என்ரை கை ரெண்டும் பின்னாலை கட்டிக் கிடந்தது. தட்டுறதாம் தட்டுறது! உங்களுக்கு இனிச் சுவரும் கதைக்கும், மீனும் கதைக்கும்."

பிலோமினா சிரிக்கவில்லை. "ரெண்டும் ரெண்டும் எண்டுதானே அண்ணை சொன்னனியள்?"

"ரெண்டும் மூண்டும்," என்றேன். முதன்முதலாக அதை வாயால் சொன்னேன்.

அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "அப்ப அது ஆர்?"

எனக்கு உள்ளே போகும் பாஸ் இன்னும் இருந்தது. அடுத்த முறை போய், வலைப்பிடியால் தட்டினேன். மறுமொழி வந்தது. இரண்டு, விட்டு மூன்று. சுனில் உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

"ஐயா, தட்ட வேணாம்."

"அங்காலை அறையில ஆர் தம்பி இருக்கிறது?"

"ஆள் இல்ல."

"எனக்குக் கேக்குதே."

அவன் என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனான். அந்த அறையின் வெளிக்கதவில் சங்கிலியும் பூட்டும் ஒன்றாகத் துருப்பிடித்து ஒரே கட்டியாகக் கிடந்தன. கதவடியில் மணல் மேடாகி, அதில் அடம்பன் கொடி படர்ந்து பூத்திருந்தது. அந்தக் கதவு வெகுகாலம் திறக்கவில்லை. சுவரில் யன்னல் இருந்த இடமெல்லாம் கல் வைத்து அடைத்திருந்தது.

"நாங்க இங்க வர முந்தியும் இப்பிடித்தான்," என்றான். "சத்தமும் இருந்தது. ஒருத்தரும் சரியா நித்திரை கொள்ள இல்ல. ஐயா வந்து இறால் எண்டு சொன்னது. அதுக்குப் பிறகுதான் எல்லாரும் படுத்தது."

"இறால் செத்தது உனக்குத் தெரியுமா?"

"ஐயா கைக்குள்ள வைச்சது நான் கண்டது."

"ஏன் கப்டனுக்குச் சொல்லேல்லை?"

பிக்குகள் ஓதிக் கொடுத்து அவன் கழுத்தில் கட்டியிருந்த பிரித்நூலைப் பிடித்துக்கொண்டான். "சொல்லி?" என்றான்.

சில காலத்தில் அந்த முகாமை எடுத்துக்கொண்டு போனார்கள். தொட்டியை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மீன்களை எடுக்கப் போனபோது ஊர்ச்சனம் அந்தக் கதவை உடைத்திருந்தது. நானும் உள்ளே போய்ப் பார்த்தேன். வெறும் அறை. மணல். துணித்துண்டு ஒன்றுகூட இல்லை. ஆனால் கந்தோர்ப் பக்கத்துச் சுவரில், நிலத்தில் குந்தியிருக்கிற ஒரு மனிதனுக்குக் கை எட்டும் உயரத்தில், சுண்ணாம்பு கொட்டி, கல்லும் தேய்ந்து, பொத்திய கைமுட்டி வைத்தால் பொருந்துகிற அளவு ஒரு குழி இருந்தது. என் முட்டியை வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. அதற்குப் பிறகு அங்கே நிற்க என்னால் முடியவில்லை.

தம்பி, தங்கச்சி, தொட்டியில் ஒன்று சாகும்போதோ, ஒரு சத்தம் கேட்கும்போதோ, உடனே காரணத்துக்குப் பெயர் வைக்காதேயுங்கள். தாங்கக்கூடிய ஒரு காரணம் கிடைத்தவுடன் மனம் தேடுவதை நிறுத்திவிடும். ஆமிக்காரர் இறால் என்றார்கள். நான் சவேரி என்றேன். எல்லாரும் நிம்மதியாகப் படுத்தோம். தட்டியவன் தட்டியபடியே இருந்தான்.

அவன் எப்போது அங்கே இருந்தான், யார் வைத்தார்கள், செத்தபின்னும் ஒரு கை எப்படித் தட்டும் என்றெல்லாம் எனக்குத் தெரியாது. தாழ்வுபாட்டுப் பொடியனா, நானாட்டானில் வயல் செய்தவனா, கட்டுக்கரைப் பக்கம் கூலிக்கு வந்த மலையகத்துப் பிள்ளையா, நம்முடைய வேதமா, வேறு வேதமா, ஒன்றும் தெரியாது. ஆத்துமாக்கள் திருநாளில் அவனுக்காகப் பூசை கொடுக்கிறேன். "ஆற்றை பேருக்கு?" என்று கோயிலைப் பார்க்கிற சங்கிலித்தாம் கேட்பார். "ஆண்டவருக்குத் தெரியும், நீங்கள் சும்மா எழுதுங்கோ," என்பேன்.

ஆனால் ஒரு மனிதன் தட்டும் விதம் அவனுடையது. வீட்டுக்கு வந்து கதவைத் தட்டும்போதும் அவன் அப்படித்தான் தட்டியிருப்பான். அதைக் கேட்டுக் கதவு திறந்த ஒருத்தி எங்கேயோ இருக்கிறாள். உங்களில் பலர் இப்போது ஊர் ஊராகப் போய்த் தொட்டி வைக்கிறீர்கள். இந்தக் கதையை, அவள் காதில் விழும்வரை, மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். அழகுக்காக ஒன்றைக் கூட்டவும் வேண்டாம், அவளை ஆறுதல்படுத்த ஒன்றைக் குறைக்கவும் வேண்டாம். நான் ஒரு தட்டைக் குறைத்துச் சொன்னேன்; அதில் ஒரு முழு மனிதன் காணாமல் போனான்.

இரண்டு. சற்று விட்டு, மூன்று. அப்படியே சொல்லுங்கள்.